உஷார்! எடிட் முடிந்த படம் வெளியே வருமா?

சொந்தக் காசைப் போட்டுப் படம் எடுக்கிறவர்கள் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஷூட்டிங் முடிந்தபிறகு எடிட்டிங் மென்பொருள் தேடுவது ஆபத்து. முதல் நாள் கேமரா ஓடுவதற்கு முன்பே அதை முடிவு செய்துவிட வேண்டும். யூடியூபில் ஒப்பிட்டுச் சொல்கிறவர்கள் வேகம், எஃபெக்ட், விலை என்றே பேசுகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: எடிட் முடிந்த படம் இந்த மென்பொருளை விட்டு முழுசாக வெளியே வருமா?

முழுநீளப் படம் எடிட் டேபிளோடு முடிந்துவிடாது. வெட்டு இறுதியாகி லாக் ஆனதும் ஒலி ஒரு ஸ்டுடியோவுக்கும் படம் நிறம் திருத்தும் டிஐக்கும் போகும். பிறகுதான் தியேட்டருக்கான டிசிபி. ப்ரோ டூல்ஸில் வேலை செய்யும் சவுண்ட் இன்ஜினியர் உங்களிடம் ஏஏஎஃப் கேட்பார். எந்த வசனத் துண்டு எந்த டிராக்கில், எங்கே வெட்டு, வெட்டுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு ஒலி மிச்சம் என்பதெல்லாம் அதில்தான் போகும். பிரீமியர், ஆவிட், டாவின்சி ரிசால்வ் மூன்றும் இதைத் தரும். ஃபைனல் கட் ப்ரோ நேரடியாகத் தராது. மாற்றித் தரத் தனி மென்பொருள் வாங்க வேண்டும். இது தெரியாமல் 90 நிமிடப் படத்துக்கு ஒரே வேவ் ஃபைலைக் கொண்டுபோய் நீட்டினால், வசனத்தையும் இசையையும் சுத்தமாகப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது.

2011 ஜூனில் நடந்ததை மறக்கக் கூடாது. ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை வெளியிட்டது. பழைய ஃபைனல் கட் 7 ப்ராஜெக்ட்டுகள் அதில் திறக்கவில்லை. மல்டிகேம் இல்லை, ஒலிக்கான ஓஎம்எஃப், வெட்டுப் பட்டியலான இடிஎல் எதுவும் வெளியே வரவில்லை. அதே நேரத்தில் பழைய பதிப்பின் விற்பனையையும் நிறுத்தினார்கள். அதை நம்பித் தொழில் நடத்திய எடிட்டர்கள் பலர் பிரீமியருக்கும் ஆவிடுக்கும் மாறினார்கள். மல்டிகேம் திரும்பி வரவே 2012 ஆகிவிட்டது. இத்தனைக்கும் 2019-ல் வந்த 'பாரசைட்' அந்தப் பழைய ஃபைனல் கட் 7-ல்தான் எடிட் ஆனது. புதுப் பதிப்புக்கு ஓடினால்தான் நல்ல படம் வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். எடிட் நடுவில் அப்டேட் பொத்தானை மட்டும் தொடாதீர்கள்; புதுப் பதிப்பில் ஒருமுறை திறந்த ரிசால்வ் ப்ராஜெக்ட் பழையதற்குத் திரும்பாது.

கையில் காசு இல்லாதவர்களுக்கு ரிசால்வின் இலவசப் பதிப்பைத்தான் நானும் சொல்வேன். ஆனால் அதன் வேலி எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். விண்டோஸில் சில கேமராக்களின் 10-பிட் 4:2:2 ஃபைல்களைப் போட்டால் ஒலி கேட்கும். படம் இருக்க வேண்டிய இடத்தில் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்புத் திரை நிற்கும். லினக்ஸில் சாதாரண எச்.264 ஃபைலே திறக்காது. இருட்டுக் காட்சியில் தெரியும் நாய்ஸைக் குறைக்கும் கருவி பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். 3840-க்கு 2160 வரைதான் அவுட்புட். 4கே டிசிபிக்கு அது போதாது. டைம்லைனின் பிரேம் ரேட்டையும் தொடக்கத்திலேயே சரியாக வையுங்கள், பிறகு மாற்ற விடாது. 23.976-ல் எடிட் செய்து, ஒலியை மட்டும் 24 என்று எண்ணி முடித்தால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் உதடும் வசனமும் சுமார் 7 விநாடி விலகி நிற்கும்.

மாதச் சந்தா என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கார்டைக் கொடுங்கள். பிரீமியரைத் தரும் அடோபியின் 'ஆண்டுத் திட்டம், மாதம்தோறும் கட்டணம்' வகையில் இடையில் விலகுவதற்கான கட்டணத்தை மறைத்ததாக 2024 ஜூனில் அமெரிக்க அரசு வழக்கே தொடுத்தது. சந்தா நின்றால் ப்ராஜெக்ட் ஃபைல் உங்களிடமே இருக்கும், திறக்கத்தான் முடியாது. ஃபெஸ்டிவலில் 'பத்து நிமிடம் குறையுங்கள்' என்று அடுத்த வருடம் சொன்னால் மறுபடி சந்தா கட்ட வேண்டும்.

கிராக் பதிப்புப் பக்கம் போகவே போகாதீர்கள். 2023 பிப்ரவரியில், திருட்டு ஃபைனல் கட் ப்ரோவுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருப்பதை ஜாம்ஃப் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. மேக் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று பார்க்க ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்தால், அந்த நிரல் அந்த நொடியே தன்னை நிறுத்திக்கொள்ளும். போதாததற்கு, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் இருக்கிறது.

ஷூட்டிங்குக்கு முன் உங்கள் கேமராவில் இரண்டு நிமிடம் எடுத்து எடிட் செய்யுங்கள். ஏஏஎஃபை ஒலி வேலை நடக்கப்போகும் ஸ்டுடியோவிலேயே திறக்கச் சொல்லுங்கள், வெட்டு விவரம் தாங்கும் எக்ஸ்எம்எல்லை டிஐயில் திறக்கச் சொல்லுங்கள், டிசிபி செய்து ஒரு திரையில் ஓட்டுங்கள். எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

வேறொருவர் மெஷினில் ரிசால்வில் எடிட் நடந்தால் இன்னும் உஷார். ரிசால்வ் ப்ராஜெக்ட் பொதுவாக ஃபுட்டேஜ் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் இருக்காது. அந்த மெஷினின் டேட்டாபேஸுக்குள் இருக்கும். சண்டை வந்தோ வேறு படம் கிடைத்தோ எடிட்டர் போய்விட்டால், டிஸ்க்கை வாங்கி வந்த உங்களிடம் வெட்டாத ஷாட்டுகள் மட்டும்தான் மிஞ்சும். தினமும் வேலை முடிந்ததும் ப்ராஜெக்ட்டை டிஆர்பி ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் டிஸ்க்கில் போடச் சொல்லுங்கள். எடிட்டரோடு சம்பளம் பேசும்போதே இதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.