பஞ்சாப் கால்வாய்கள் சீரமைப்பு: கெடுவைத் தாண்டியது ஏன்?

புது தில்லி: பாசனத் திட்டங்கள் தாமதமாவது நாடாளுமன்றத்துக்குப் புதிய செய்தியன்று. நிதிப் பற்றாக்குறை, நிலம் கையகப்படுத்துவதில் சிக்கல் என அமைச்சர்கள் காரணம் கூறுவதும் வழக்கமே. ஆனால், பஞ்சாபில் சிர்ஹிந்த் ஃபீடர், ராஜஸ்தான் ஃபீடர் கால்வாய்களின் சீரமைப்புப் பணி கெடுவைத் தாண்டியதற்கு இப்பட்டியலில் அடங்காத காரணங்களும் உண்டு.

சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகேயில் தொடங்கும் இவ்விரு கால்வாய்களும் ஒரே பொதுக்கரையுடன் அருகருகே ஓடுகின்றன. மேற்கு ராஜஸ்தானுக்குப் பாசன நீரும் குடிநீரும் தரும் இந்திரா காந்தி கால்வாயின் தலைப்பகுதியே ராஜஸ்தான் ஃபீடர். விநாடிக்கு 18,500 கன அடி நீர் செல்லும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. 1960-களில் கட்டப்பட்ட இக்கால்வாய்களின் உட்பூச்சு நாளடைவில் சிதைந்தது. கசிந்த நீர் முக்தசர், பரீத்கோட், ஃபெரோஸ்பூர் மாவட்ட வயல்களில் தேங்கியது. கடைமடையிலோ பற்றாக்குறை.

இரண்டு ஒப்புதல்கள்

சுமார் ரூ.1,441 கோடி மதிப்பீட்டில் 2009-ஆம் ஆண்டிலேயே சீரமைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது. எனினும் பணி நிறைவேறவில்லை. 2015-ஆம் ஆண்டு விலை நிலவரப்படி மதிப்பீடு ரூ.1,976 கோடியைத் தாண்டியது. 2018 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.825 கோடி உதவிக்கு ஒப்புதல் அளித்தது. சிர்ஹிந்த் ஃபீடரில் 100 கி.மீ., ராஜஸ்தான் ஃபீடரில் 96 கி.மீ. தொலைவுக்கான பணியை 2022-23-க்குள் முடிக்க வேண்டும் என்பது கெடு. 84,800 ஹெக்டேரில் நீர் தேங்கும் பிரச்னை தீரும் என்று கூறப்பட்டது. மத்திய நீர் ஆணையத்தின் வழக்கமான கண்காணிப்புடன், தனியாக நிபுணர் ஆய்வுக் குழுவும் அறிவிக்கப்பட்டது.

ஆனால், இத்திட்டத்தில் பணத்தைவிட அரிதானது நாள்கள்தாம். நீர் ஓடும் கால்வாயில் கான்கிரீட் பூச முடியாது. கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் நீரை நிறுத்தினால்தான் வேலை நடக்கும். அந்த வாரங்களில் ராஜஸ்தான் மக்கள் தேக்கிவைத்த நீரை நம்பியிருக்க வேண்டும். பஞ்சாபின் தென்மேற்கே பருத்தி விதைப்பும் நெருங்கிவிடும். எனவே, ஓர் அடைப்புக் காலம் வீணானால் ஓராண்டே வீணாகிறது. 2022 ஏப்ரலில் முக்தசர் மாவட்டத்தில் பொதுக்கரையே உடைந்து, விவசாயிகள் விதைப்பு நேரத்தில் தண்ணீருக்குத் தவிக்க நேர்ந்தது.

கசிவே குடிநீர்

கெடு முடிந்த 2023-இல் பரீத்கோட்டில் எழுந்த எதிர்ப்பு வேறு வகையானது. அப்பகுதியின் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்நீர். கால்வாயிலிருந்து கசியும் நீரால்தான் கரையோர அடிபம்புகளில் நல்ல நீர் கிடைக்கிறது. கான்கிரீட் போட்டால் அதுவும் போய்விடும் என்று மக்கள் போராடினர். பொறியாளர் கணக்கில் இழப்பாகப் பதிவாகும் நீர், ஊர்க்காரர்களுக்குக் குடிநீராக இருந்திருக்கிறது. திட்டமிடும்போதே அவர்களைக் கேட்டிருந்தால், இந்தச் சிக்கல் பணியின் நடுவில் முளைத்திருக்காது.

கண்காணிப்புக் குறைபாடு நாடு தழுவியது. விரைவுப் பாசனப் பயன் திட்டம் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, 118 பெரிய, நடுத்தரத் திட்டங்களை ஆராய்ந்தது. அவற்றில் முடிந்திருந்தவை 30 மட்டுமே. 84 திட்டங்களின் கூடுதல் செலவு ரூ.1.20 லட்சம் கோடிக்கும் மேல்.

கால்வாய்த் திட்டங்களை எத்தனை கோடி செலவானது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் போதாது. எத்தனை நாள் நீர் நிறுத்தப்பட்டது, அதில் எத்தனை கிலோமீட்டர் பணி முடிந்தது, கடைமடைக்கு எவ்வளவு நீர் கூடியது என்ற மூன்று கணக்குகளையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் தாமதம் எங்கே தொடங்கியது என்பது, கெடு முடிவதற்கு முன்பே தெரியவரும்.