ரத்தம் பொய்ச் சாட்சி சொல்லுமா?

திருவண்ணாமலையின் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ஜோதி வடிவாக நின்ற இறைவனின் அடியைத் தேடி விஷ்ணு பன்றி உருவில் பூமிக்குள் போனார். முடியைத் தேடி பிரம்மா அன்னமாகப் பறந்தார். பறந்து பறந்து களைத்துப் போன பிரம்மா, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தார். அவர் முடியைக் கண்டதாகத் தாழம்பூவும் கூசாமல் சொல்லிவிட்டது. விளைவு? இன்றுவரை சிவ பூஜையில் தாழம்பூவுக்கு இடம் இல்லை!

ஆண்டவன் முடியில் இருந்த பூவே பொய்ச் சாட்சி சொல்லும் என்றால், பரிசோதனைக் கூடத்தின் முத்திரை குத்திய ஒரு காகிதம் சொல்லாதா? சொல்லும், சகோதரிகளே! அந்தச் சாட்சியை நம்பிக் கண்ணீர் வடிக்கும் வீடுகளும் உண்டு. கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். ஆனால் கூச்சத்தினால் மூடி வைக்கும் விஷயங்களே அல்லவா குடும்பத்தைக் குலைக்கின்றன? ஆகையால் இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது

திருவண்ணாமலையில் ஒரு இளம் தம்பதி இருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டு முறை கர்ப்பம் தரித்து இரண்டு முறையும் கலைந்துவிட்டது. யாரோ சொல்லி, "டார்ச்" என்ற ரத்தப் பரிசோதனை செய்து கொள்கிறாள் அந்தப் பெண். மாலையில் காகிதம் வருகிறது. "ஹெர்ப்பிஸ், ஐ.ஜி.எம்., 1.2, பாஸிட்டிவ்" என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஹெர்ப்பிஸ் என்றால் என்னவென்று கைபேசியில் தேடிப் பார்க்கிறான் கணவன். "உடலுறவால் பரவும் நோய்" என்ற வரி கண்ணில் படுகிறது. அவ்வளவுதான்! அவள் அவனைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மாமியாருக்கு விஷயம் எட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் அந்தக் காகிதம் உண்மையில் சொன்னது என்ன? அநேகமாக ஒன்றுமே இல்லை.

அக்கிக்கு ஒன்றுவிட்ட சகோதரன்

நம் ஊர்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி மண்ணால் "அக்கி எழுதி" வருவார்கள். இடுப்பிலோ மார்பிலோ பட்டையாக வரும் அந்த அக்கி, சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி பிற்காலத்தில் மறுபடி தலைதூக்குவது. ஹெர்ப்பிஸ் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். குடும்பம் ஒன்று, ஆள் வேறு.

இந்த ஹெர்ப்பிஸிலும் இரண்டு ரகம் உண்டு என்பதை 1960-களின் கடைசியில் ஆண்ட்ரே நஹ்மியாஸ், வால்டர் டவுடில் போன்ற விஞ்ஞானிகள் தெளிவுபடுத்தினார்கள். முதல் ரகம் பெரும்பாலும் உதட்டில் வரும். ஜுரம் விட்ட பிறகு உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறதே, அதுதான். குழந்தையாக இருக்கும்போது பாட்டியோ அத்தையோ கொஞ்சி முத்தமிட்டதில்கூட அது ஒட்டிக் கொண்டிருக்கலாம். உலகத்தில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 100க்கு 64 பேரிடம் இந்த முதல் ரகம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இரண்டாவது ரகம் பெரும்பாலும் மறைவிடத்தில் வருவது. அது 15 முதல் 49 வயதுக்குள் உள்ளவர்களில் 100க்கு 13 பேரிடம் இருக்கிறதாம்.

பெரும்பாலோருக்கு இது இருப்பதே தெரியாது. கிருமி நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக் கொண்டு, வருஷக்கணக்கில் தூங்கும். ஆகவே பரிசோதனை சரியாகவே இருந்தாலும், அது எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்த ரத்தமும் சொல்லாது. கல்யாணத்துக்குப் பத்து வருஷம் முன்னால் வந்ததாக இருக்கலாம். இதை வைத்து ஒருவர் நடத்தையை அளப்பது பெரிய பாவம்.

இரண்டு சாட்சிகள்

ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு திரட்டிய படையைத்தான் தேடுகிறது. படையில் இரண்டு பிரிவு. முதலில் அவசரமாக ஓடி வருவது ஐ.ஜி.எம்.; நிதானமாக வந்து நிரந்தரமாகக் காவல் இருப்பது ஐ.ஜி.ஜி.

"ஐ.ஜி.எம். இருந்தால் வியாதி புதிதாக வந்தது என்று அர்த்தம்" என்று பலர் நினைக்கிறார்கள். ஹெர்ப்பிஸ் விஷயத்தில் இந்தக் கணக்கு செல்லாது. பழைய கிருமி மறுபடி விழித்தாலும் ஐ.ஜி.எம். வரும். முதல் ரகமா இரண்டாம் ரகமா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதனால்தான் ஹெர்ப்பிஸுக்கு ஐ.ஜி.எம். பரிசோதனையே வேண்டாம் என்கிறது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். நம் கதையின் தாழம்பூ இதுதான்!

அப்படியானால் ஐ.ஜி.ஜி.? அது பரவாயில்லாத சாட்சி. கிருமியின் மேலுறையில் உள்ள "ஜி" என்ற புரதம் இரு ரகத்துக்கும் வேறு வேறாக இருப்பதால், அதை வைத்துச் செய்யும் பரிசோதனை ரகத்தைப் பிரித்துச் சொல்லும். ஆனால் அதன் பேச்சிலும் எண்ணைப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் முறை ஒன்றில் 0.9-க்குக் கீழே என்றால் இல்லை, 0.9 முதல் 1.1 வரை சந்தேகம், 1.1-க்கு மேலே என்றால் உண்டு. இங்கேதான் வம்பு. இரண்டாம் ரகத்துக்கு 3-க்குக் குறைவாக எண் வந்தால், வேறு முறையில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தாமல் நம்பக் கூடாது என்று அதே மையம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு கணக்கைக் கேளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத 10,000 பேருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-ல் கணக்கிட்டது. 100க்கு 15 பேரிடம் கிருமி இருப்பதாக வைத்துக் கொண்டால், உண்மையாகவே உள்ளவர்கள் என்று 1,485 பேரைப் பரிசோதனை காட்டும். இல்லாமலே உண்டு என்று 1,445 பேரைக் காட்டும்! கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அதனால் அறிகுறி இல்லாதவர்களுக்குச் சும்மா இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது அந்தக் குழு. 2023-லும் அதையே மறுபடி சொன்னது.

"டார்ச்" விஷயத்துக்கும் வருவோம். அது நாலைந்து வியாதிகளின் ஆங்கில முதல் எழுத்துக்களைக் கோத்து, 1971-ல் அதே நஹ்மியாஸும் சகாக்களும் வைத்த பெயர். பிறக்கும் சிசுவைத் தாக்கும் வியாதிகளை நினைவில் வைக்கவே அது ஏற்பட்டது. கரு கலைவதற்குக் காரணம் தேட அல்ல. அடிக்கடி கரு கலைபவர்களுக்கு வழக்கமாக டார்ச் பார்ப்பதைக் கைவிட வேண்டும் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியில் எழுதியிருக்கிறது.

வேலூரில் நடந்தது

ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்குத் திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு சரித்திர உதாரணம் இருக்கிறது. வியாதி வேறு, பாடம் ஒன்றுதான்.

1986-ஆம் வருஷம். எய்ட்ஸ் என்பது அயல்நாட்டு வியாதி என்று நம் நாட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதைப் பரிசோதித்துப் பார்க்கும் வேலையை ஒப்படைத்தார். நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பாதுகாக்கத் தனி வசதி இல்லை. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்! பரிசோதனைக் கருவி இருந்ததோ வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். கணவர் துணைவர, மாதிரிகளை எடுத்துக் கொண்டு ராத்திரி ரயிலில் காட்பாடி போய்ச் சேர்ந்தார்.

வேலூரில் டாக்டர் ஜேக்கப் ஜானின் துறையில் "எலிசா" என்ற பரிசோதனை நடந்தது. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின! இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதற்கு முதல் தடயம் அது. இந்த மாதிரிச் செய்தி கைக்குக் கிடைத்தால் யாருக்கும் உடனே ஊருக்குச் சொல்லத்தான் தோன்றும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பரிசோதனையைத் திரும்பச் செய்தார்கள். பிறகு மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போயின. அங்கே "வெஸ்டர்ன் பிளாட்" என்ற வேறு முறையில் உறுதிப்பட்ட பிறகே விஷயம் நிச்சயமாயிற்று.

வெஸ்டர்ன் என்றதும் மேற்குத் திசையைத் தேடாதீர்கள்! எட்வின் ஸதர்ன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த முறைக்கு அவர் பெயரே அமைந்தது. ஸதர்ன் என்றால் தெற்கு அல்லவா? அதற்குப் பிறகு வந்தவர்கள் வேடிக்கையாக வடக்கு, மேற்கு என்று பெயர் வைத்துக் கொண்டே போனார்கள். ஹெர்ப்பிஸுக்கும் இதே வெஸ்டர்ன் பிளாட் முறையை சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். மற்றப் பரிசோதனைகளை உரைத்துப் பார்க்கும் உரைகல் அதுதான்.

இன்று நம் அரசு ஆஸ்பத்திரிகளின் நம்பிக்கை மையங்களில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்தால், முதல் சோதனையில் உண்டு என்று வந்தாலும், வேறு வேறு வகையில் இன்னும் இரண்டு செய்து பார்த்த பிறகே முடிவு சொல்கிறார்கள். ஹெர்ப்பிஸுக்கோ அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. ஒரே சோதனை, ஒரே எண், ஒரே காகிதம் - அதோடு அனுப்பி விடுகிறார்கள். மீதி சாட்சிகளை நாமேதான் கேட்க வேண்டியிருக்கிறது.

என்ன செய்வது?

கொப்புளமோ புண்ணோ இருந்தால் ரத்தத்துக்கே போக வேண்டாம். அது ஆறுவதற்குள், முடிந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள், டாக்டரிடம் காட்டுங்கள். பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து "பி.சி.ஆர்." முறையில் கிருமியையே நேராகக் கண்டுபிடிக்கலாம். ரகமும் தெரிந்துவிடும்.

புண் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால், "ரகம் பிரித்துச் சொல்லும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை" என்று கேட்டு வாங்குங்கள். ஐ.ஜி.எம். வேண்டாம் என்று சொல்லுங்கள். "பாஸிட்டிவ்" என்ற சொல்லோடு நிற்காமல் எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சந்தேகப்பட்ட நாளிலிருந்து 12 வாரம் ஆகவில்லை என்றால், "இல்லை" என்று வந்தாலும் முடிவல்ல. படை திரள நாள் பிடிக்கும். 12 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் 3-க்குக் கீழே வந்தால், வேறு முறையில் இன்னொரு முறை பார்க்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதே கூடத்தில் அதே முறையில் திரும்பப் பார்ப்பது, அதே சாட்சியை இரண்டு தரம் விசாரிப்பது போல.

அரசு ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போகக் கூச்சப்பட வேண்டாம். ரகசியம் காப்பது அவர்கள் கடமை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவசத் தொலைபேசியிலும் விவரம் கேட்கலாம்.

குழந்தை பிறக்கும் வேளையில்

கர்ப்பிணிகள் ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டுக் கொள்ளுங்கள். பழைய ஹெர்ப்பிஸ் உள்ள தாயின் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. தாயின் ரத்தத்தில் உள்ள காவல் படை குழந்தைக்கும் காவல். பிரசவத்துக்கு முந்திய கடைசி மாதங்களில் முதல் முறையாகக் கிருமி தொற்றினால்தான் ஆபத்து அதிகம். ஆகவே அந்தச் சமயத்தில் மறைவிடத்தில் புண், எரிச்சல் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பிரசவ வேளையில் புண் இருந்தால் ஆபரேஷன் மூலம் குழந்தையை எடுப்பார்கள். அடிக்கடி புண் வருபவர்களுக்கு 36-ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் போன்ற மாத்திரை கொடுப்பதும் உண்டு.

சரி, எல்லாச் சாட்சியும் விசாரித்த பிறகும் "உண்டு" என்றே முடிவானால்? உலகம் முழுகிவிடாது. கிருமியை அடியோடு விரட்ட மருந்து இன்னும் இல்லைதான். ஆனால் புண்ணைச் சீக்கிரம் ஆற்றவும், மறுபடி வராமல் தடுக்கவும், துணைக்குப் பரவுவதைக் குறைக்கவும் விலை மலிவான மாத்திரைகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான பேர் இந்தக் கிருமியோடு குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, பேரனையும் பார்த்துவிட்டார்கள்.

அந்த இளம் தம்பதிக்கு நாம் சொல்லக் கூடியது இவ்வளவுதான்: காகிதத்தை மடித்துப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள். இன்று ராத்திரி முதலில் சாப்பிடுங்கள்.