அவர் அவராக இருப்பது

விடியலில் கிழக்கே தெரியும் விடிவெள்ளியும் அந்தியில் மேற்கே தெரியும் வெள்ளியும் ஒரே கோள். வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மனிதர் இதை அறிந்தனர். அப்படியானால் அவை வேறுவேறாகவும் இருந்திருக்கலாமோ? முடியாது என்றார் சால் கிரிப்கி, 1970இல் பிரின்ஸ்டன் உரைகளில். (ரூத் பார்க்கன் 1947லேயே இதைத் தருக்கவழியில் நிறுவிவிட்டார், அந்தப் பெண்ணின் பெயரைத்தான் குறைவாகச் சொல்கிறோம்.) தேடி அறிந்தது என்பதாலேயே ஒன்று தற்செயலாகிவிடாது.

பீமாராவ் என்ற சிறுவனும் நாம் பாபாசாகேப் என்றழைக்கும் அம்பேத்கரும் ஒருவரே. அவர் அவரல்லாமல் இருந்திருக்க முடியாது. அரசியலமைப்பு வரைவுக்குழுத் தலைவராக இல்லாமல் இருந்திருக்கலாம். அப்போதும் அவர் அம்பேத்கரே. 'தீண்டத்தகாதவர்' என்பதும் அவரைச் சுட்டும் பெயரல்ல, பிறர் ஒட்டிய விவரிப்பு.

ஆனால் வேறு பெற்றோருக்குப் பிறந்திருந்தால் அவர் அந்த மனிதரே அல்லர் என்றும் கிரிப்கியின் வாதம் போகிறது. சாதியவாதி இதைப் பிடித்துக்கொண்டு, 'பார், பிறப்பு மாறாது' என்பான். ராம்ஜிக்கும் பீமாபாய்க்கும் பிறந்தது கட்டாயமாகவே இருக்கட்டும். அந்தப் பிறப்புக்குக் கீழ்ப்படி ஒதுக்கியது ஊர். சாத்தாராவில் அந்தச் சிறுவனைத் தனிச் சாக்குத் துணியில் உட்காரவைத்த பள்ளி, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்தே உட்காரவைத்திருக்கலாம்.