கற்றதை மறந்த நாய்க்குட்டி

பிற மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் இன்று அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் நாய் வாசலோடு நின்றது. அது எங்கே சிறுநீர் கழிக்கிறது என்று எவரும் விசாரித்ததில்லை. மூன்றாவது மாடியில், இரண்டு அறைகளுக்குள் அது நம்மோடு வாழ வரும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. வெளியே போகும் பழக்கத்தை நன்றாகக் கற்றுக்கொண்ட குட்டி, திடீரென ஒருநாள் கூடத்தின் நடுவே நனைத்துவிட்டு நின்றால் என்ன செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

இதை நான் படித்து அறிந்ததைவிடத் தவறிழைத்து அறிந்ததே அதிகம். தில்லியில் எங்கள் வீட்டுக்குச் செல்லி வந்தபோது அதற்கு இரண்டு மாதம். தெருவில் பிறந்த பெண்குட்டி. ஐந்து மாதம் நிறைவதற்குள் வாசற்கதவருகே சென்று முனகக் கற்றுவிட்டது. ஏழாம் மாதத்தில், ஒரு டிசம்பர் வாரத்தில், நாளைக்கு நான்கைந்து முறை வீட்டுக்குள்ளேயே நனைக்கத் தொடங்கிற்று. அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பிய நான் அதை இழுத்துச் சென்று, ஈரத்தைக் காட்டி, மடித்த செய்தித்தாளால் இரண்டு அடி வைத்தேன். மூன்று நாள் இப்படி நடந்தது. நான்காம் நாள், நான் பூட்டைத் திறக்கும் ஓசை கேட்டதும் அது கட்டிலடியில் புகுந்துகொண்டது. ‘தெரிந்தே செய்கிறது, அதனால்தான் ஒளிகிறது’ என்று தீர்ப்புச் சொன்னேன். பால்கனி வழியே ஒழுகுகிறதென்று கீழ்வீட்டாரும் முறையிடவே, குட்டியை யாரிடமேனும் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அன்றிரவு என் மகள் சாப்பிடவில்லை.

மறுநாள் மிருக வைத்தியர் சிறுநீரைப் பரிசோதித்து, சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று என்றார். நான் அடித்தது ஒரு நோயாளியை.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது வைத்தியரைக் காண்பதே. அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தல், முக்குதல், சிறுநீரில் இரத்தம் காணல், உறக்கத்தில் ஒழுகுதல், வழக்கத்துக்கு மிஞ்சிய தாகம் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்கலாகாது. காலைச் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் கொண்டுசென்றால் பரிசோதனை எளிதாகும். பெண்குட்டிகளுக்கு இத்தொற்று ஆண்குட்டிகளைவிட அதிகம் வருகிறது.

ஒளிந்துகொண்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாய்களின் ‘குற்றமுள்ள முகம்’ அவை தவறு செய்ததனால் தோன்றுவதன்று, எஜமானர் கடிந்துகொள்வதனால் தோன்றுவது என்பது அதன் முடிவு. தவறே செய்யாத நாய்களும், திட்டு விழுந்தபோது அதே முகத்தைக் காட்டின. மூன்று மணி நேரத்துக்கு முன் நிகழ்ந்ததற்கு இப்போது அடி விழுகிறது என்று நாய்க்கு விளங்காது. மனிதர் முன்னிலையில் சிறுநீர் கழிப்பது ஆபத்து என்ற பாடத்தையே அது கற்கிறது. பிறகு வெளியே அழைத்துச் சென்றாலும் நம் கண்முன் கழிக்க மறுத்து, வீடு திரும்பியதும் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்குகிறது.

நோய் இல்லையென்று தெரிந்தால், காரணம் பெரும்பாலும் நம்மிடமே இருக்கும். மூன்று மாதக் குட்டியால் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்குவது அரிது. ஒரு வாரம் விபத்தின்றிக் கழிந்தவுடன் வீடு முழுவதையும் திறந்துவிடுகிறோம். அதுவே பலர் செய்யும் பிழை. தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியைப் பொது இடங்களில் இறக்கலாகாது என்பதால், மாடி வீடுகளில் செய்தித்தாளில் பழக்குகிறோம். பின்னர் மண்ணுக்கு மாற்றும்போது, ஊர்ச் செய்தி படித்துவிட்டுத் தரையில் போட்ட தமிழ்ப் பத்திரிகை அதற்குக் கழிப்பிடமாகத் தோன்றினால் குற்றம் எவருடையது? தாளை மிதித்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். என் தந்தையார் இதைக் காணாதது நல்லதே.

இன்னொன்று மொழி. என் மனைவி ‘வெளியே போகலாமா’ என்பாள்; வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ‘பாஹர் சலோ’ என்பாள்; மகளுக்கோ ‘அவுட்’. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் வீட்டில் நாய்க்கு மட்டும் மொழிபெயர்ப்பு இல்லை! எந்த மொழியாயினும் ஒரே சொல்லை எல்லோரும் வழங்க வேண்டும்.

பருவநிலையும் உண்டு. தில்லியின் ஜனவரிப் பனியில், மும்பையின் ஜூலை மழையில், குட்டி பாதியில் திரும்பி ஓடிவந்து மீதியை வீட்டில் முடிக்கும். தீபாவளி வெடிகளுக்கு அஞ்சிப் படியிறங்க மறுப்பதும் இயல்பே. ஆறு மாதத்துக்குப் பின் ஆண்குட்டி காலைத் தூக்கி மூலைகளை நனைப்பதோ, அடையாளமிடும் பருவ குணம். மாற்றலாகிப் புது வீட்டுக்குப் போனால், பழைய வீட்டின் பாடத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

நனைந்த இடத்தில் நாம் கொட்டும் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றுகிறது. சிறுநீரின் வாடை அடியில் தங்கி, நாயை மீண்டும் அங்கேயே அழைக்கிறது. நக்கினால் அது நஞ்சும்கூட. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரின் வாடையையே ஒத்தவை. நாய்ப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவமே வாடையை அடியோடு நீக்கும்.

பிறகு, இரண்டு மாதக் குட்டி இன்றுதான் வந்ததாக எண்ணிக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். விழித்தவுடன், உண்ட கால் மணிக்குள், விளையாடி முடித்ததும், உறங்குமுன், வாரிட்டு ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாடியிலிருந்து பார்த்தால் போதாது, உடன் நிற்க வேண்டும். முடித்த அந்தக் கணமே, வீடு திரும்பிய பின் அன்று, ஒரு துண்டு உணவும் ஓர் இன்சொல்லும் தாருங்கள். கண்பார்வையில் இல்லாத வேளையில் ஒரே அறையில் இருக்கட்டும். விபத்து நேர்ந்த மணியை நாட்காட்டியில் குறித்துவந்தால், நான்கே நாளில் காரணம் தானே புலப்படும். இரண்டு வாரம் தரை நனையாதிருந்தால் இடைவெளியை அரைமணி நீட்டலாம்; இன்னும் ஓர் அறையைத் திறக்கலாம்.

செல்லியின் தொற்று மருந்தில் பத்தே நாளில் தீர்ந்தது. கட்டிலடிப் பழக்கம் தீர இரண்டு மாதம் பிடித்தது. தினமும் பூட்டைத் திறக்குமுன் கதவுக்கு வெளியே நின்று அதன் பெயரைச் சொல்லி அழைப்பேன். உள்ளே வந்து தரையில் அமர்ந்து, அதன் பக்கம் பாராமல் காத்திருப்பேன். பிப்ரவரியில் ஒரு மாலை, அதுவாகவே வெளியே வந்து என் செருப்பை முகர்ந்தது.