மலை நடைக்குப் பை கட்டும்போது எதைக் குறைக்கலாம்?

பொல்பிட்டியவில் வெயில் கொளுத்தும்போது குளிர்ச் சட்டையை எடுத்துப் பையில் வைக்க யாருக்கும் மனம் வராது. அங்கிருந்து நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, நல்லதண்ணி என்று ஏற ஏறக் கதை மாறும். ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை இறங்குகிறது. சிவனொளிபாதமலை உச்சி 2,243 மீற்றர். விடியற்காலையில் அங்கே நடுங்கி நிற்பவர்களில் பலர் கீழே வியர்த்துக்கொண்டு பை கட்டியவர்கள்தான். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. மூன்று நாள் நடைக்கு 15 கிலோவைச் சுமந்து வந்து, முதல் ஏற்றத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பாரம் குறைந்த பொருள் என்றாலே விலை கூடிய வெளிநாட்டுப் பொருள் என்ற எண்ணம் இங்கே பலருக்கு இருக்கிறது. 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்கப் பெண் 3,000 கிலோமீற்றருக்கும் அதிகமான அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த ஒரு துணிப் பை, சாதாரண கன்வஸ் சப்பாத்து, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. கூடாரம் எடுத்துப் போகவில்லை. நம் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையில் போடும் பிளாஸ்ரிக் சீற்றும் அந்தத் திரைச்சீலையும் ஒரே வகைதான்.

ஆகவே பையை எடுத்துத் தராசில் வையுங்கள். உணவும் தண்ணீரும் நீங்கலாக 4.5 கிலோவுக்குள் அடக்குவது அனுபவசாலிகள் வைத்திருக்கும் எல்லை. அதிகம் கனப்பவை பையும் கூடாரமும் படுக்கையும். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீகோ பாதை 300 கிலோமீற்றருக்கும் அதிகம். ஆனால் அது 22 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி நடந்து, இரவு கூரைக்கடியில் தங்க ஏற்பாடு செய்தால் கூடாரமும் பாயும் அடுப்பும் வீட்டிலேயே இருக்கலாம். அந்த முடிவொன்றிலேயே பல கிலோ குறைந்துவிடும்.

குறைக்கக் கூடாதது மழைக்கான பொருள். இந்த மலைச் சரிவுகள் நாட்டிலேயே மழை மிகுந்தவை. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கப் பனி கொட்ட வேண்டியதில்லை. ஈரத் துணியும் காற்றும் போதும். பொலியெஸ்டர் மெல்லியது, சீக்கிரம் காயும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தரும். முந்தைய தலைமுறை மழையில் கம்பளி போர்த்தி மலைக்குப் போனதில் அர்த்தம் இருந்தது. இறகு அடைத்த விலையுயர்ந்த ஜாக்கெட் நனைந்தால் பயனில்லை. பைக்கு உள்ளே ஒரு தடித்த குப்பைப் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். வெளியே போடும் உறை காற்றில் விலகிவிடும்.

இன்னொன்று, தேயிலைக்குள் நடக்கும்போது மழை விட்ட பிறகும் நனைவோம், செடியிலிருந்து. தொழிலாளர்கள் இடுப்பில் படங்கு கட்டுவது அதனால்தான். இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுற்றிக்கொள்ள ஒரு பிளாஸ்ரிக் துண்டு 100 கிராம்கூட வராது.

காலில் ஏறும் 100 கிராம் முதுகில் ஏறும் 500 கிராமுக்குச் சமம் என்பது நடையர்களின் பழைய கணக்கு. கனத்த பூட்ஸைவிடப் பிடிமானமுள்ள இலேசான சப்பாத்து நல்லது. அட்டைக்கு நீண்ட காலுறையும் ஒரு துண்டுச் சவர்க்காரமும் போதும்.

தண்ணீரில் மட்டும் பாரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோதான், ஆனால் தேயிலைக்குக் கீழே ஓடும் ஓடையில் உரமும் களைநாசினியும் கலந்திருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அவை போகாது. காலையிலேயே நிரப்பிக்கொண்டு, வழியில் கடையிலோ வீட்டிலோ கேட்டு வாங்குங்கள். கைபேசி வெளிச்சத்தை நம்பாமல் சிறிய டோர்ச் ஒன்றும் எடுங்கள். மூடுபனி இறங்கினால் மலையில் ஐந்தரைக்கே பாதை தெரியாது.