ஏமாந்து பார்க்க ஒரு விளையாட்டு

"ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது" என்பது நம் மாணவர்களுக்குத் தெரியும். ஆனாலும், அவசரப்படுத்தும் குரல் கேட்டதும் பதற்றத்தில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதற்றத்தை வகுப்பறையிலேயே பாதுகாப்பாக உணரச் செய்வதுதான் இணையப் பாதுகாப்பு விளையாட்டின் நோக்கம்.

இதற்குக் கணினி தேவையில்லை. ஐந்து பேர் கொண்ட ஒவ்வொரு குழுவும் ஒரு குடும்பம். குடும்பத்துக்கு ஒரு கற்பனை ஓடிபி சீட்டு கொடுங்கள். பிறகு செய்தி அட்டைகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள்: "இரண்டு நிமிடத்தில் கணக்கு முடங்கும், ஓடிபி சொல்லுங்கள்", "பரிசுப் பணம் பெற யுபிஐ பின் எண்ணைப் பதியுங்கள்". இடையிடையே பள்ளி விடுமுறை அறிவிப்பு போன்ற உண்மைச் செய்திகளும் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாணவர்கள் யோசிக்காமல் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார்கள். முடிவெடுக்க அரை நிமிடம் மட்டுமே.

தொடக்க வகுப்புகளுக்கு, "புகைப்படம் அனுப்பினால் பரிசு" போன்ற எளிய அட்டைகள் போதும்.

ஆட்டத்தைவிட அதன்பின் நடக்கும் உரையாடலே முக்கியம். "எந்தச் சொல் உங்களை அவசரப்படுத்தியது?" என்று கேளுங்கள். பணம் பெறப் பின் எண் தேவையில்லை என்பதை அப்போது விளக்குங்கள்.

ஏமாந்த குழுவைக் கேலி செய்ய விடாதீர்கள். இங்கே வெட்கப்பட்ட குழந்தை, நாளை உண்மையிலேயே ஏமாந்தால் வீட்டில் மறைத்துவிடும். பண மோசடியில் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தால்தான் பணத்தை மீட்கும் வாய்ப்பு கூடும்.