மார்கழிப் பட்டத்து வேர்க்கடலையும் விதை நேர்த்தியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிணற்றுப் பாசன நிலங்களில் மார்கழிப் பட்டத்து வேர்க்கடலை விதைக்கப்படும்போது, மண்ணில் ஈரம் மிகுந்தும் இரவுக் குளிர் நீடித்தும் இருப்பதால், முளை மெதுவாகவே மேலெழுகிறது. அந்தத் தாமதம் பூஞ்சைகளுக்கு வாய்ப்பாகி, விதையும் இளநாற்றும் அழுகும் நோய்க்கு வழிவிடுகிறது.

இதைத் தடுக்க, தீமை செய்யும் பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியைக் கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அதன்பின் இடப்படும் ரைசோபியம் என்பது, பயறு வகைச் செடிகளின் வேரில் முடிச்சுகளை உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடி ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தரும் பாக்டீரியா ஆகும். வேர்க்கடலைக்கு ஏற்ற ரைசோபிய இனங்கள் மண்ணிலேயே உண்டு என்றாலும், நெல்லுக்காக நீர் தேங்கி நின்ற வயலில் அவை குறைந்துவிடக்கூடும் என்பதால், விதையோடு சேர்த்து இடுவதே பாதுகாப்பானது.

ஹெக்டேருக்கான விதைக்கு ரைசோபியத்தின் 200 கிராம் பொட்டலங்கள் மூன்றினை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, வேர்க்கடலைப் பருப்பின் மெல்லிய தோல் உரியாதபடி கையால் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். பட்டுப் பாவுக்குக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்திப் பழகிய ஊர் காஞ்சிபுரம். ஆனால் இங்கே வெயில் படவே கூடாது, ஏனெனில் கஞ்சியோடு ஒட்டியிருப்பவை உயிர்கள். திராம், கார்பன்டாசிம் போன்ற இரசாயனப் பூஞ்சைக்கொல்லியை டிரைக்கோடெர்மாவோடு கலப்பதும் வீண். இரசாயன நேர்த்தியே தேவையெனில், அதைச் செய்து 24 மணி நேரம் கழித்தே ரைசோபியம் இட வேண்டும்.

ரைசோபியம் போன்ற தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. கடையின் வெப்பத்தில் நெடுநாள் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை நிலைக்காது. எனவே உழவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்தே வாங்க வேண்டும். விதைத்து ஒரு மாதம் கடந்ததும் ஒரு செடியைப் பெயர்த்து, வேர்முடிச்சைக் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் செய்யவில்லை.